அழப்போகும் கண்ணுக்கு மை

நாடக மன்றத்தில் இனிமேல் ஒப்பனைப் பெட்டியைத் தூக்கப்போகும் தம்பிமாருக்கு.

போன ஞாயிறு நீங்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, "அண்ணே, ஒங்க அனுபவத்தச் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நான் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். எழுதினால் என் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விசயத்தைத் திருத்த வேண்டாம்.

கையில் நடுக்கம் வந்த பிறகு பெட்டியை உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன். முகத்துக்குப் பூசும் முத்துவெள்ளையை எப்படிக் குழைப்பது, அரிதாரம் எவ்வளவு சேர்ப்பது என்பதெல்லாம் நாலு நாள் கையை அழுக்காக்கினால் தானாக வந்துவிடும். நான் சொல்ல வந்தது கண்ணைப் பற்றி. ஆம்பளை முகத்தில் பொம்பளைக் கண்ணை வைக்கிறோமே, எந்த முகத்துக்கு எந்தக் கண் என்று எப்படி முடிவு செய்வது என்பதைப் பற்றி. அதை நான் தெரிந்துகொண்ட கதையை இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியான கதை இல்லை அது.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தேயிலைப் பெட்டிகளின் மேல் தகட்டை வைத்து, தோட்டத்துப் பெயரைக் கறுப்பு மையால் அடிப்பேன். மை தகட்டுக்கு வெளியே ஒரு நூல்கூடக் கசியாது. அந்தக் கையைப் பார்த்துத்தான் பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்து ஐயா என்னை மன்றத்துக்கு இழுத்தார். நாடகங்களை எழுதி நடத்துகிறவர் அவர்தான். "பெட்டியிலை எழுதிற கைக்கு முகத்திலை எழுத ஏலாதோ?" என்று கேட்டார். எழுத முடிந்தது. அப்போது பெண் வேசமெல்லாம் ஆண்கள்தான் கட்டினார்கள். மீசை மழித்த முகத்தில் நான் ஒரு கண்ணை வரைந்து முடித்ததும், மறு கண் மட்டும் ஆம்பளைக் கண்ணாக விழித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஆனால் வெளியே சொல்ல வெட்கம். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையில் என் மச்சான்மார், "ஆம்பளைக்கு மை வைக்கிற கையால எனக்குச் சோறு போடாத" என்று விளையாட்டாகத்தான் சொல்வார்கள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அதனால் நாடகத்துக்குப் பதுளை போகிற நாளில் பெட்டியைச் சாக்கில் போட்டு, மேலே நாலு முட்டைக்கோவாவை அடுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். பார்க்கிறவர்கள் சந்தைக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஒருநாள் பஸ் வளைவில் சாய்ந்தபோது சாக்கு உருண்டது. கோவா ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். மூடி திறந்து சவுரிமுடி நடுவழியில் விழுந்து நீண்டு கிடந்தது. எதிரே இருந்த அம்மா ஒருத்தி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"இந்தாங்க, ஒங்க கோவாவுக்கு முடி மொளைச்சிருக்கு."

பஸ் முழுக்கச் சிரித்தது. பதுளை போகிறவரை நான் சன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் கிளாக்கர் ஐயா சாக்கை எட்டிப் பார்த்தார்.

"என்ன காணும், நாடகத்துக்கோ வந்தனீர், சந்தைக்கோ வந்தனீர்?"

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கு இந்த வெட்கம்தான் காரணம். கண்ணைத் தப்பாக வரைவதால் வருகிற கேடு பாதி. தப்பு தெரிந்த பிறகு வரைந்தவன் எங்கே நிற்கிறான் என்பதில் மீதிப் பாதி இருக்கிறது.

அப்புத்தளைக்குக் கீழே பாதி நாள் பனியில் கிடக்கிற தோட்டம் ஒன்றிலிருந்து மாசி மாதத்தில் ஆள் வந்தது. காமன் கூத்துக்கு வேசம் போட்டுவிட வேண்டுமாம். மன்றத்து நாடகத்தைப் பதுளையில் பார்த்தவர்கள் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் பதுளை டவுனில் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். காமன் கூத்து வெறும் நாடகம் இல்லை. மன்மதனுக்கு அடையாளமாகக் கம்பம் நட்டு, வேசக்காரர்கள் கையில் காப்புக் கட்டி, விரதம் இருந்து ஆடுகிற காரியம். கடைசி இரவில் சிவன் மன்மதனை எரிப்பார். ரதி தாலி அறுத்து, வெள்ளை கட்டி, ஒப்பாரி வைப்பாள். மூன்றாம் நாள் மன்மதனை எழுப்பி, ரதிக்குப் பூவும் பொட்டும் திரும்ப வைப்பார்கள். காப்புக் கட்டாதவன் கம்பத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டி உள்ளே போகக்கூடாது.

அங்கே ரதி கட்டியவர் பெயர் மருதை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், இருபத்தைந்து வயதிருக்கும். பகலில் கத்தி பிடித்துக் கன்றிய கை, ரதியாக நின்றால் எப்படி அவ்வளவு மெதுவாக வளையுமோ தெரியாது. பிள்ளை இல்லையென்று காமனுக்கு நேர்ந்துகொண்டு, மூன்று மாசிக்கு ரதி கட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அது இரண்டாவது மாசி. பிள்ளைக்காக நேர்ந்த அந்த வேசத்தாலேயே பெண்சாதி வீட்டைவிட்டுப் போயிருந்தாள். அவள் பெயர் பேச்சி. முதல் வருசம் ரதி வெளியே வந்ததும் ஆட்கள் விசில் அடித்து, மலையில் கொழுந்து எடுக்கும்போதும் "ஒன் வீட்டுல யாருடி புருசன்?" என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். பொறுக்காமல் அவளுடைய அண்ணன் வந்து அதே தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராதான் எங்களுக்கு வேசம் போடுகிற இடம். தொட்டில் சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்து மருதை இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். நான் இமையில் வெள்ளை தடவிக்கொண்டிருந்தேன்.

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லி விட்டுருக்காண்ணே. யாரும் சிரிக்காம ஒருதரம் ஆடி முடிக்கட்டும், நான் வந்துர்றேன்னு. இன்னிக்குப் பாக்க வர்றா."

"வரட்டும். இப்பிடி ஒரு ரதிய இந்த மலையிலயே பாத்திருக்க மாட்டாங்க."

"அண்ணே, ஒண்ணு சொல்லவா? அவ கீழ் இமையில மெல்லிசா ஒரு கோடு இழுப்பா. அம்புட்டுதான் வைப்பா. அது மாதிரி வச்சுவிடுங்களேன்."

"பத்தடிக்கு அங்கிட்டு அது தெரியாது மருதை."

நான் சொன்னது பொய் இல்லை. தெரியாதுதான். ஆனால் உண்மையான காரணம் வேறு. பதுளையில் இந்தியப் படம் ஒன்று பார்த்திருந்தேன். அதில் கதாநாயகியின் கண் காதோரம்வரை வால் நீண்டு, இமை பளபளவென்று இருந்தது. அதை எங்காவது வரைந்து பார்க்க வேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்தது. மருதையின் கண் பெரிய கண். கிடைத்தது வாய்ப்பு என்று நினைத்தேன். வெளுப்புக்குப் போடும் நீலத்தை வெள்ளையில் கலந்து இமை முழுக்கப் பூசினேன். அதன் மேல் மினுங்கும் காக்காப்பொன் தூளைத் தூவினேன். எண்ணெய்யில் குழைத்த கரியால் கண்ணைச் சுற்றிக் கட்டி, வாலைக் காதுப் பக்கம் இழுத்துவிட்டேன். கண்ணாடியைக் கொடுத்தபோது மருதை வெகுநேரம் பார்த்தார்.

"இது நான்தானாண்ணே?"

"ரதி."

"பேச்சிக்கு அடையாளம் தெரியுமா?"

நான் சிரித்துவிட்டு, அடுத்து மை பூச எமன் வேசக்காரனைக் கூப்பிட்டேன்.

ரதி ஆட வந்த முதல் வரவில் யாரும் விசிலடிக்கவில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இமை திறந்து மூடும்போதெல்லாம் நீலம் மின்னியது. கூட்டம் வாய் திறந்து பார்த்தது. நான் பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் கட்டிய சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நின்று, அதன் ஓட்டை வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பதுளைக்குப் போய் ஐயாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

விடிவதற்கு முன்பே கம்பம் எரிந்திருக்க வேண்டும். பனி இறங்கி, கம்பத்தில் கட்டியிருந்த மானாப் புல் முழுக்க நனைந்துபோயிற்று. தீ மூட்ட விட்ட வாணம் மூன்று தடவை போய் முட்டியும் புகை மட்டும் வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்று யாரோ சொன்னதற்குக் கூத்து மாஸ்டர், "சிவன் கடையில வாங்குனா எரிச்சாரு?" என்று ஏசினார். காய்ந்த புல் கொண்டுவர ஆள் ஓடி, திரும்பி வந்து, தீப்பிடித்தபோது கிழக்கே வெளுத்துவிட்டது. மண்ணெண்ணெய் வீணாகிறதென்று பெட்ரோமாக்ஸை எல்லாம் இறக்கி அணைத்துவிட்டார்கள்.

ரதி ஒப்பாரிக்கு வந்தது காலை வெளிச்சத்தில்.

தம்பிமாரே, இரவு வெளிச்சத்துக்கு வரைந்த கண்ணைப் பகலில் பார்த்திருக்கிறீர்களா? அடிபட்டு வீங்கிய கண்போல இருந்தது. விடிகிற நேரத்துக்கு மருதையின் தாடையில் மயிரும் துளிர்த்து, வெள்ளைக்குக் கீழே பச்சையாகத் தெரிந்தது. அதோடு அவர் அழத் தொடங்கினார். நடிப்புக்கு அழுகிற அழுகை இல்லை அது. கண்ணீரும் புகையும் பனியும் சேர்ந்து, நான் கட்டிய கரி முழுக்க இளகியது. கறுப்பும் நீலமும் இரண்டு கன்னத்திலும் ஓடி, தாடையில் சேர்ந்து, காக்காப்பொன் தாடி மயிரில் ஒட்டி மினுங்கியது. அவர் துடைக்கத் துடைக்கப் பரவியது. வெள்ளைச் சேலையெல்லாம் மை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பேச்சியின் அண்ணன்.

"அடியே பேச்சி, ஒன் புருசன் ரதி கட்டலடி, கரடி கட்டியிருக்கான்!"

முதலில் நாலு பேர் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அவள்தான் பேச்சி என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

மாஸ்டர் படுதா பக்கம் திரும்பி, கையைத் துடைப்பதுபோல ஆட்டினார். "துணி! துணி குடுய்யா!" என் கையில் எண்ணெய்த் துணி இருந்தது. படுதாவை விலக்கி ஏழெட்டு அடி நடந்து, கயிற்றுக்கு மேலால் கையை நீட்டினால் போதும். கயிற்றைத் தாண்டக்கூட வேண்டாம். மாஸ்டர் வாங்கித் துடைத்துவிட்டிருப்பார். அரை நிமிச வேலை.

நான் போகவில்லை. எனக்குக் காப்பு இல்லையே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் சரியில்லை என்று சொல்லும்போதே தெரியும். நான் வெளியே வந்திருந்தால் கூட்டம் முழுக்க, மை வைத்தவன் இவன்தான் என்று பார்த்திருக்கும். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பியிருக்கும். பஸ்ஸில் கிடந்த சவுரிமுடிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மருதை நிறுத்தவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. அவர் கோபித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்திருந்தால்கூட நல்லது. அந்த முகத்தோடு, சிரிப்புக்கு நடுவே, ஒப்பாரியை ஒரு அடி விடாமல் பாடிக்கொண்டிருந்தார். நான் பெட்டியை மூடினேன். பிள்ளைக்காம்பராவின் பின்வாசல் வழியாக இறங்கி, தேயிலைக்கு ஊடாகக் குறுக்கே நடந்து, ரோட்டுக்கு வந்து முதல் பஸ் ஏறிவிட்டேன். மூன்றாம் நாள் மன்மதனை எழுப்பும்போது ரதிக்கு மறுபடி வேசம் போட வருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

கிளாக்கர் ஐயாவிடம் மட்டும் கொஞ்சம் சொன்னேன். அதுவும், வெளிச்சம் மாறியதால் கண் கெட்டுப்போயிற்று என்ற அளவில்தான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தாள் கடைசியிலை அழவேணும் எண்டு உமக்கு முதலே தெரியுமோ?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுகொண்டோ உருகிற கரியைப் பூசினனீர்?"

நான் நகத்தில் ஒட்டியிருந்த மையைச் சுரண்டினேன்.

"சரி. பின்னுக்குப் போய் நிண்டு பாத்தனீரோ, சனத்துக்கு எப்பிடித் தெரியுதெண்டு?"

"இல்லைங்க."

"ஏன் காணும்?"

"வெக்கமுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வெக்கம் உமக்குப் போகாது. அது இருந்திட்டுப் போகட்டும். அதையும் கூட்டிக்கொண்டு பின்னுக்குப் போய் நில்லும்" என்றார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். துணியைக் கொடுக்காமல் ஓடிவந்ததை நான் அவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்படித் தன்மையாகப் பேசியிருக்கமாட்டார்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைச் சந்தையில் மருதையைப் பார்த்தேன். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மூட்டை என்னை மறைக்கிற அளவுக்கு உயரமில்லை.

"அண்ணே! காய்ச்சல் எப்பிடிண்ணே இருக்கு?"

அவர் நம்பியிருக்கிறார். வேண்டுமென்று குத்துகிற முகமில்லை அது. போய்விட்டது என்று முணுமுணுத்தேன்.

"மெலிஞ்சுபோயிட்டீங்க. வாங்க, தேத்தண்ணி குடிப்போம்."

கடையில் உட்கார்ந்ததும் நானே கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "பேச்சி..."

"வந்துட்டாண்ணே."

அவர் சொல்லத் தொடங்கினார்.

"மூணாம் நாளு நீங்க வரலியா, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஒடஞ்ச கண்ணாடித் துண்ட வச்சுக்கிட்டு, கரியத் தொட்டு நானே இழுத்துப் பாக்குறேன், கோணிக்கோணிப் போகுது. அப்ப வாசல்ல நெழல் தட்டுச்சு. பாத்தா இவ. கையில மைச் சிமிழு. 'அந்தப் பொட்டிக்காரரு வரலியா?'ன்னா. காய்ச்சலாம்னேன். 'நல்லதாப் போச்சு, மொகத்தக் காட்டுங்க'ன்னா."

அவர் சிரித்தார். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மை வைக்கிறப்பக் கேட்டா. 'அம்புட்டுப் பேரு சிரிச்சும் நிறுத்தாம அழுதீங்களே, யாருக்காக அழுதீங்க?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரதிக்காகன்னு சொல்லியிருக்கணும். வாயில வரலண்ணே. அவளும் அதுக்கு மேல கேக்கல. ராத்திரி அவ அண்ணன் வந்து கூப்புட்டான். போகல." கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "நெசமாச் சொல்றேண்ணே, நீங்க அன்னிக்கு வந்திருந்தா அவ வந்திருக்க மாட்டா. நீங்க வராமப் போனதுதான் நல்லதாப் போச்சு."

அவர் அதை நன்றியாகத்தான் சொன்னார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த நன்றிகளில் இதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

"அடுத்த மாசிக்கு வந்துருங்க. கடைசி வருசம். எமனுக்கும் வீரபத்திரனுக்கும் நீங்கதான்."

"ரதிக்கு?"

"ரதிக்கு ஆளு இருக்கு."

போனேன். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். சாக்கு வேண்டாமென்று பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அப்புத்தளைவரை நின்றுகொண்டே போனேன். உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுப்பார் என்று பயம்.

பிள்ளைக்காம்பராவில் நான் எமனுக்குக் கறுப்புப் பூசிக்கொண்டிருந்தேன். பேச்சி வாசல்படியில், வெளியே வெளிச்சம் விழுகிற இடத்தில் மருதையை உட்காரவைத்து, சிமிழைத் திறந்து கீழ் இமையில் ஒரு கோடு இழுத்தாள். மறு கண்ணில் ஒரு கோடு. முடிந்தது. கோபமே இல்லாமல் என்னை ஒருதரம் பார்த்தாள். நான் எமனின் காதைத் தேவையில்லாமல் இன்னொரு தரம் பூசினேன்.

முதல் வரவின்போது ஐயா சொன்னதை நினைத்துக்கொண்டு, படுதாவை விட்டு வெளியே வந்து, சனங்களுக்குப் பின்னால் சுற்றிப் போய்க் கடைசியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ரதிக்குக் கண்ணே இல்லை. வெள்ளை முகத்தில் இரண்டு மங்கல் குழிகள்தான் தெரிந்தன. ஆகவே பத்தடிக்கு அங்கிட்டுத் தெரியாது என்று மருதையிடம் நான் முன்னே சொன்னதும் சரிதான் என்பதையும் எழுதி வைக்கிறேன். சரியானதைச் சொல்லிக்கொண்டே தப்பைச் செய்ய முடியும் என்பதும் இந்தத் தொழிலில் உண்டு.

ரதி ஆடிவிட்டு உள்ளே வந்ததும் பேச்சியிடம் போனேன். அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"தங்கச்சி, கண்ணு பின்னால தெரியல."

"எனக்குத் தெரியுதே."

"ஒனக்குத் தெரியும். ஒங்க அண்ணன் நிக்கிற எடத்துக்குத் தெரியல."

அவள் மருதையைப் பார்த்தாள். மருதை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "திரும்பவும் நீலமா?" என்று கேட்டாள்.

"நீலம் இல்ல, கரியும் இல்ல. நீ வச்ச மையத் தொடமாட்டேன். புருவத்தக் கொஞ்சம் தூக்கிவிட்டு, இமைக்கு மேல காவி மட்டும் தடவுறேன். காஞ்ச காவி. அழுதாலும் ஓடாது."

"ஓடுனா?"

"ஓடுனா நானே வந்து தொடைக்கிறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. பேச்சி சிமிழை மூடி முந்தானையில் முடிந்துகொண்டு, வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள். நான் மருதையை அந்த வாசல்படியிலேயே, அவள் உட்காரவைத்த இடத்திலேயே உட்காரவைத்தேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்தேன். பிறகு விளக்கை அப்பால் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, கண்ணீர்போலக் கொஞ்சம் தண்ணீரை அவர் இமையில் விட்டுப் பார்த்தேன். நின்றது. இந்த ஒன்றை மட்டும் நீங்கள் கைவிடாதீர்கள். இந்த முகத்துக்குக் கடைசியில் என்ன நடக்கப்போகிறது என்று கேளுங்கள். அழுமா, அடிபடுமா, மழையில் நிற்குமா, விடிந்த பிறகும் நிற்குமா. அந்த நேரத்துக்கு எந்தக் கண் சரியோ அதைத்தான் முதல் வரவிலேயே வைக்கவேண்டும். நடுவில் மாற்ற அன்று எனக்குக் கிடைத்த நேரம் எப்போதும் கிடைக்காது.

அந்த வருசம் புல் காய்ந்திருந்தது. இருந்தாலும் ஒப்பாரி முடிவதற்குள் வெளுத்துவிட்டது. எண்ணெய்த் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கடைசி வரிசையில் நின்றேன். மருதை அழுதார். பேச்சியின் கோடு கரைந்து கண்ணுக்குக் கீழே லேசாகக் கறுத்தது, அழுது தூங்காத எந்தப் பொம்பளைக்கும் கறுப்பது போல. காவி அசையவில்லை. என் பக்கத்தில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பேச்சியின் அண்ணன்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பார்த்தான். விரலெல்லாம் எமனின் கறுப்பும் ரதியின் காவியும். வழக்கமாக அந்தக் கையை நான் வேட்டி மடிப்புக்குள் ஒளித்துவிடுவேன்.

"வேசம் போடுறவரு நீங்கதானா?"

"ஆமாங்க."

அவன் ரதியைப் பார்த்தான். பிறகு மறுபடி என்னைப் பார்த்தான்.

"போன வருசமும் நீங்கதானா?"

நாலு பேர் திரும்பினார்கள். போன வருசத்துச் சிரிப்பு அந்த முகங்களில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல எனக்குத் தெரிந்தது. பிள்ளைக்காம்பராவின் பின்வாசல் எந்தப் பக்கம் என்று கண் தானாகத் தேடியது.

"போன வருசமும் நான்தாங்க," என்றேன்.